பொட்டுக்குக் கீழே முள்

உருத்திரமூர்த்தி அந்தக் காரைக் கொண்டுவருவதாகச் சொன்னது வியாழக்கிழமை பின்னேரம், அடுப்பில் புட்டு அவிந்துகொண்டிருந்த நேரத்தில். சொல்லியிருக்கக் கூடாது. ஏன் சொல்லியிருக்கக் கூடாது என்பது ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில் அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறொரு சீவனுக்கும் தெரியாது.

கார் அவருடையதுமில்லை. ஹக்கன்பேர்க் அம்மா என்று அவர் வீட்டில் சொல்கிற எழுபத்தாறு வயது ஜேர்மன்காரியுடையது. எழுபத்தோராம் ஆண்டு அவருடைய புருஷன் புதிதாக எடுத்த ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை நிறம், இரண்டே இருக்கை, மடித்துப் போடுகிற கூரை, நீண்ட மூக்குக்குள் ஆறு சிலிண்டர் எஞ்சின். புருஷன் போனபிறகும் அந்த அம்மா அதை விற்கவில்லை. கோடையில் ஞாயிற்றுக்கிழமை என்றால் தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு தானே ஓட்டிப்போய், அணைக்கட்டு ஓரத்துக் கடையில் கேக்கும் கோப்பியும் சாப்பிட்டுவிட்டு வருவார்.

உருத்திரமூர்த்திக்கு நகரின் பார்மன் பகுதியில், பழைய கார்கள் மட்டும் திருத்துகிற ஒரு சின்னக் கராஜில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. வந்த புதிதில் எல்லாரையும்போல உணவகத்தில் கோப்பை கழுவினவர்தான். பிறகு இந்தக் கராஜுக்குள் கால் வைத்தவர் வேறு இடம் தேடவில்லை. அவருக்கு அங்கே பேர் எடுத்துக் கொடுத்தது ஒரேயொரு விஷயம். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒயில் அழுத்தம் காட்டுகிற மீட்டரின் முள் விழுந்தால் தொண்டையால் சோறு இறங்காது. அந்தப் பயத்தைப் பிடித்துக்கொண்டே எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. இவர் அப்படிச் செய்யமாட்டார். காரிலுள்ள மீட்டரை உடனே நம்பவும் மாட்டார், பொய் என்று தள்ளவும் மாட்டார். தன்னுடைய சோதனை மீட்டரை எஞ்சினில் நேரே பூட்டி, இருபது நிமிஷம் ஓட்டிச் சூடாக்கிப் பார்த்த பிறகுதான் வாய் திறப்பார். முக்கால்வாசிப் பேருக்கு, ஒன்றுமில்லை, கொண்டுபோங்கள் என்பதுதான் பதில். ஆகவே, பழுது இருக்கிறது என்று அவர் சொன்னால் அதற்கு மேலே கேள்வி கிடையாது.

அந்த வாரத் திங்கட்கிழமை ஹக்கன்பேர்க் அம்மா வந்தது அதற்காகத்தான். சிவப்பு விளக்கில் நிற்கும்போது முள் படுத்துவிடுகிறது என்றார். உருத்திரமூர்த்தி தன் மீட்டரைப் பூட்டினார். குளிரில் முள் ஐந்து பார் அழுத்தத்துக்குப் போய் நின்றது. அது சரி, குளிர்ந்த ஒயில் தடித்தது, பம்ப் தள்ளும்போது எதிர்த்து நிற்கும். சூடான பிறகு ஓட்டத்தில் மூன்று. அதுவும் பரவாயில்லை. காரை நிறுத்தி எஞ்சினைச் சும்மா ஓடவிட்டபோது ஒன்றுக்கு மேலே நிற்க வேண்டிய முள், அரையைத் தாண்டி ஒரு மயிரிழையில் நின்று நடுங்கியது. காரின் மீட்டரும் அதையேதான் காட்டியது. இரண்டு மீட்டரும் ஒரே கதையைச் சொன்னால் பொய்க்கு இடமில்லை. அளவுகளை வேலைத் தாளில் எழுதி வைத்தார்.

"உள்ளுக்கு பேரிங்குகள் தேய்ஞ்சு போச்சு" என்று ஜேர்மன் மொழியில் விளக்கினார். "தேய்ஞ்ச இடைவெளியாலை ஒயில் ஓடிப் போகுது. குளிரிலை தேன் மாதிரி இருக்கிறபடியால் தாங்குது. சூடானால் தண்ணி. ஓட்டத்திலை பம்ப் கனக்கத் தள்ளும், பயமில்லை. சூடான எஞ்சினைச் சும்மா நிண்டபடி ஓட விட்டால் இரும்பும் இரும்பும் முட்டும். பத்து நிமிஷம் காணும், எஞ்சின் போயிடும்."

"அப்படியென்றால் நான் இப்போது வீட்டுக்கு ஓட்டிப் போகலாமா?"

"வழியிலை நெரிசல் இருந்தால்?"

ஹக்கன்பேர்க் அம்மா சாவியை மேசையில் வைத்தார். "நீங்கள் சொன்னால் சரி, ஹெர் மூர்த்தி" என்று ஜேர்மன் மரியாதையோடு சொன்னார். கராஜ் முதலாளி ஃபோல்க்கர் வடகடல் தீவொன்றில் விடுமுறையில் இருந்தான். அவன் வந்த பிறகு எஞ்சினைப் பிரிப்பது என்று பேச்சு. அந்த அம்மா குடையை விரித்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்து போனதை உருத்திரமூர்த்தி கண்ணாடியால் பார்த்துக்கொண்டு நின்றார்.

வியாழக்கிழமை அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து கைகழுவுகிறார், மனைவி சுபத்ரா தொலைபேசியில் அழாக்குறையாக நிற்கிறாள். மறுமுனையில் அவளுடைய தமக்கை கமலநாயகி. கமலநாயகியின் மகன் பிரவீணனுக்குச் சனிக்கிழமை கலியாணம். மாப்பிள்ளை வரவுக்குப் பதிந்து வைத்த நீண்ட வெள்ளைக் கார்க்காரன், கார் அடிபட்டுவிட்டது என்று அன்றுதான் அறிவித்திருக்கிறான்.

சுபத்ரா தொலைபேசியை வைத்துவிட்டுப் புட்டுக் குழலைக் கொட்டினாள். ஆவி முகத்தில் அடித்தது.

"இஞ்சாருங்கோ. உங்கடை கராஜிலை அந்தப் பச்சைக் கார் நிக்குதெல்லோ."

"நிக்குது. அதுக்கென்ன?"

"அக்கா கேக்கிறா."

"அக்காவுக்கு அப்பிடியொரு கார் இருக்கெண்டு ஆர் சொன்னது?"

"நீங்கள்தான். தைப்பொங்கலுக்கு அங்கை போய், உலகத்திலை ஒரு கார் இருக்கெண்டால் அதுதான் எண்டு படம் காட்டினியள். பிரவீணனும் அதைத்தான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். வேறையொண்டும் வேண்டாமாம்."

"அது ஏலாது, சுபத்ரா. அது ஓடுற நிலையிலை இல்லை."

"ஓடாதோ?"

இங்கேதான் மனிசன் பிழை விட்டார். ஓடாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். எஞ்சின் விஷயத்தில் பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய்.

"ஓடும். சும்மா நிப்பாட்டி வைச்சு ஓட விடக் கூடாது, அவ்வளவுதான்."

"ஆர் நிப்பாட்டி வைக்கப் போகினம்? அக்கா வீட்டிலை இருந்து மண்டபத்துக்குப் பதினாலு கிலோமீற்றர். வாசலிலை இறக்கிவிட்டு நிப்பாட்டுங்கோ. நீங்கள் வேலைக்காகவும் அந்தக் காருகளை றோட்டிலை ஓட்டிப் பாக்கிறனீங்கள்தானே?"

"அந்த மனிசி என்னை நம்பி விட்டிட்டுப் போனது."

"களவெடுக்கவே சொல்லுறன்? முப்பது வருஷமா என்ரை அக்காவிட்டை நாங்கள் வாங்கினதுதான். அவவுக்கு ஒருக்கா நாங்கள் செய்ய வேண்டாமே? நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன்."

அவர் புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் பிசைந்தார். உண்மையைச் சொன்னால், சுபத்ராவின் சொல் மட்டும் அவரை அசைக்கவில்லை. அவருக்கும் ஆசை இருந்தது. இருபத்திரண்டு வருஷம் மற்றவர்களின் கார்களுக்குக் கீழே முதுகில் படுத்துக் கிடந்தவர். கலியாண வீடுகளில் டொக்டரும் கணக்காளரும் இருக்கிற மேசையில் தன்னை யாரும் கூப்பிட்டு இருத்துவதில்லை என்ற குறை நெஞ்சுக்குள் ஒரு மூலையில் கிடந்தது. ஒரு நாள் தன் சனம் பார்க்க அந்த மர ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்க வேண்டும் போலிருந்தது. மனதுக்குள் கணக்குப் போட்டார். காலை நேரம், வெயிலுக்கு முன், நெரிசலில்லாத பாதை. முள் மூன்றில் நிற்கும்.

"சரி. ஆனால் வாசலிலை உடனை நிப்பாட்டிப் போடுவன். படம் பிடிக்க நில் எண்டு ஒருத்தரும் சொல்லக் கூடாது."

"நான் அக்காவிட்டைச் சொல்லுறன்" என்றாள் சுபத்ரா. சொன்னாளோ இல்லையோ, கலியாண வீட்டில் யார் அதைக் காதில் போடுகிறார்கள்.

சனிக்கிழமை விடியும்போதே புழுக்கம். வுப்பர்டாலில் மழை பெய்யாத நாள் என்றால் இப்படித்தான், பள்ளத்தாக்குக்குள் காற்று அசையாமல் நிற்கும். எட்டு மணிக்கே இருபத்தெட்டுப் பாகை. உருத்திரமூர்த்தி கராஜைத் திறந்து, புது ஒயில் ஊற்றி, கொஞ்சம் தடித்த ஒயிலாகவே பார்த்து ஊற்றி, காரைக் கமலநாயகி வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார். வழியில் முள் மூன்றரையில் சொன்ன சொல் கேட்டு நின்றது. அவருக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது.

பட்டு வேட்டி, தலைப்பாகையோடு பிரவீணன் பக்கத்தில் ஏறினான். கமலநாயகி தட்டத்தோடு வந்தாள். நாலு சில்லுக்கும் அடியில் நசுக்கத் தேசிக்காய் வைத்தாள். காரின் மூக்கில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாள். பிறகு உள்ளே எட்டி, ஸ்டியரிங்கில் ஒரு பொட்டு, வேக மீட்டரில் ஒரு பொட்டு. கை தாராளம். ஒயில் மீட்டர் மற்றவற்றிலும் சின்னது. அதன் கண்ணாடியில் பெருவிரலால் அழுத்திச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தபோது, மீட்டரின் கீழ்ப்பக்கம் முழுவதும் மூடுண்டு போயிற்று. பூச்சியத்திலிருந்து ஒன்றரை வரை ஒன்றும் தெரியவில்லை.

"அக்கா, உதிலை வேண்டாம்."

"நல்ல நாளிலை வேண்டாம் எண்டு சொல்லாதேங்கோ, தம்பி. மூண்டிலையும் வைச்சால்தான் சரி."

"முள்ளு தெரியாது, அக்கா."

"முள்ளு என்னத்துக்கு? கடவுளே எண்டு போட்டு வாங்கோ" என்றபடி அவள் பின்னால் நின்ற வான் வண்டியில் ஏறினாள்.

பாதையில் தொந்தரவில்லை. முள் பொட்டுக்கு மேலே மூன்றில் நின்றது. சுரங்கப் பாதை வெளிச்சத்தில் பிரவீணன் கைபேசியில் தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டு வந்தான். ஒன்பதரைக்கு மண்டபம் இருக்கிற தொழிற்பேட்டைக்குள் திரும்பினார்கள். மண்டப வாசல் தெரிந்தது. அதற்கு முந்நூறு மீற்றர் முன்னதாக, கார் ரயர் விற்கிற கடையடியில், மேளக்காரர் நின்றார்கள்.

வீடியோக்காரன் றோட்டின் நடுவில் வந்து இரண்டு கையையும் விரித்தான். அவனுடைய சின்னக் கமரா வானூர்தி தலைக்கு மேல் இரைந்தது.

"அண்ணை, மேளத்துக்குப் பின்னாலை மெல்ல மெல்ல வாங்கோ. நடக்கிற வேகம்."

"இல்லைத் தம்பி. நேரை வாசலுக்குப் போறன்."

"இப்ப ஏலாது அண்ணை. பொம்பிளை வீட்டார் ஆயத்தமில்லை. மாப்பிள்ளைத் தோழனுக்கு வேட்டி கட்டி முடியேல்லையாம், ஆலாத்தி எடுக்கிற பொம்பிளையள் தலை இழுத்துக்கொண்டு நிக்கினம். பத்தே காலுக்குத்தான் உள்ளுக்கு எடுக்கலாம்."

உருத்திரமூர்த்தி எஞ்சினை நிறுத்தச் சாவியில் கை வைத்தார். வான் வண்டியிலிருந்து இறங்கிய கமலநாயகி ஓடி வந்தாள்.

"என்ன செய்யிறியள், தம்பி? மாப்பிள்ளை இருக்கேக்கை வழியிலை காரை நிப்பாட்டக் கூடாது. இடையிலை நிண்டுபோச்செண்டு பொம்பிளை வீட்டார் ஒரு கதை வைச்சிருப்பினம்."

"அப்ப இறங்கி நடப்பம், அக்கா."

"முந்நூறு பேர் பாக்க என்ரை பிள்ளை வெறுங்காலோடை தாரிலை நடக்கவோ? இந்தக் காருக்காகத்தானே இவ்வளவும்."

பின்னால் சுபத்ரா நின்றாள். அவள் கண் அவரைக் கெஞ்சியது. உருத்திரமூர்த்தி கையை எடுத்தார்.

தவில் இடிக்கத் தொடங்கியது. கார் ஆமைவேகத்தில் நகர்ந்தது. முள் பொட்டுக்குள் இறங்கி மறைந்தது. அவர் இடது காலால் கிளச்சை அரைவாசி மிதித்துப் பிடித்துக்கொண்டு வலது காலால் வேக மிதியை அழுத்தி எஞ்சினை முறுக்கினார். சுற்று இரண்டாயிரத்துக்கு ஏற, முள் பொட்டின் மேல் விளிம்பால் தலை காட்டியது. காலைத் தளர்த்த மறைந்தது. திரும்ப முறுக்கினார். பொடியன்மார் அதைக் கொண்டாட்டம் என்று நினைத்து விசிலடித்தார்கள்.

"சித்தப்பா, கலக்கிறியள்" என்றான் பிரவீணன். "இன்னும் ஒருக்கா."

உருத்திரமூர்த்தியின் முதுகில் வேர்வை வழிந்தது. இந்த வயதிலும் இப்படி விளையாட்டுக் காட்டுகிறார் மனிசன் என்று சனம் சிரித்தது. அவரும் பல்லைக் காட்டினார். கிளச் எரிகிற மணம் மூக்கில் ஏறியது. வெப்ப மீட்டரின் முள் வலப்பக்கம் சாய்ந்துகொண்டு வந்தது. ஒயில் தண்ணீராகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ரயர் கடையைத் தாண்டி, கார் கழுவுகிற இடத்தடியில் மேளக்காரர் வட்டமாக நின்று தனி ஆவர்த்தனம் தொடங்கினார்கள். ஊர்வலம் நின்றது. அவர் முறுக்கினார். முள் வரவில்லை. இன்னும் முறுக்கினார். பொட்டின் விளிம்பில் ஒன்றுமில்லை.

இனி ஒரே வழி, பொட்டைத் துடைத்து முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. கால் பார் அழுத்தத்தில் நின்றால் நிறுத்த வேண்டும். அரைக்கு மேலே நின்றால் இன்னும் கொஞ்சம் தாங்கும். சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் இரண்டு தவில் காதுக்குள் நிற்கிறது. பெருவிரலை நீட்டினார்.

பிரவீணன் அவர் மணிக்கட்டைப் பிடித்தான். முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்க, குரல் மாறியிருந்தது.

"என்ன செய்யப் போறியள், சித்தப்பா?"

"முள்ளைப் பாக்க வேணும், தம்பி. ஒரு சொட்டுத் துடைச்சால் காணும்."

"பொட்டை அழிக்கவோ? நான் தாலி கட்டப் போறன். அம்மா அங்கை பாத்துக்கொண்டு நிக்கிறா. கமராவும் மேலை நிக்குது."

உருத்திரமூர்த்தி நிமிர்ந்து பார்த்தார். கமலநாயகி பார்த்துக்கொண்டுதான் நின்றாள். இவர் விரல் எங்கே போகிறதென்று அவளுக்கு விளங்கிவிட்டது. முகம் கறுத்திருந்தது. மாப்பிள்ளை காரில் இருக்க, மாப்பிள்ளையின் சித்தப்பன் முந்நூறு பேர் முன்னால் குங்குமத்தை அழித்தான் என்றால், நாளைக்கு அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு தலையிடி வந்தாலும் அது இவர் தலையில்தான் விழும். சுபத்ராவுக்குத் தமக்கை என்றொருத்தி இருக்கமாட்டாள்.

விரலை எடுத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது ஐம்பத்திரண்டு.

அதன் பிறகு அவர் செய்தது, வாடிக்கைக்காரர் எவராவது செய்திருந்தால் முகத்துக்கு நேரே திட்டியிருப்பார். முள் முக்காலில் நிற்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தடித்த ஒயில் ஊற்றினேன், தாங்கும் என்றார். மீட்டர் சில நேரம் குறைத்துக் காட்டும் என்றுகூட நினைத்தார். திங்கட்கிழமை தன் கையாலேயே சோதித்து, அது பொய்யில்லை என்று சொன்ன மீட்டர். அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே முறுக்கினார். பொடியன்மார் விசிலடித்தார்கள்.

கார் ஊர்ந்து மண்டப வாசலை அடைந்து, ஆலாத்திக்காரர் ஆரத்தித் தட்டோடு வந்தபோது பத்து மூன்று. தோழன் வந்து பிரவீணனைக் கைபிடித்து இறக்கினான். ஆலாத்தி எடுக்க, மேளம் ஓய்ந்தது. அந்த ஒரு மூச்சு இடைவெளியில் உருத்திரமூர்த்திக்குக் கேட்டது. எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து, சுத்தியலால் கல்லில் தட்டுவது போல, டொக், டொக், டொக். நிறுத்தினார். நிறுத்திய பிறகும் கையை எடுக்காமல் இருந்தார்.

தாலி கட்டினதை அவர் காணவில்லை. காரை நிழலுக்குத் தள்ளிவிட்டு, தெரிந்தவர் ஒருவரின் இழுவை வண்டியைக் கூப்பிட்டார். பந்தியில் வாழையிலைக்கு முன்னால் இருந்தபோது டொக்டர் ஒருவர் இரண்டு இருக்கை தள்ளி இருந்து, "அந்த மாதிரி ஓட்டினீங்கள், அண்ணை" என்று மெச்சினார். உருத்திரமூர்த்தி பயற்றங்காய்க் கறியை ஒதுக்கி வைத்தார். பாதியில் இலையை மூடினார்.

ஞாயிறு மத்தியானம் சுபத்ரா பலகாரப் பெட்டியைத் திறந்து அரியதரத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"அந்தக் கார் முந்தியே பழுதுதானே."

"ஓம்."

"அதை நீங்களே திங்கட்கிழமை எழுதி வைச்சிருக்கிறியள்."

"ஓம். என்ரை கையெழுத்திலை கிடக்கு."

"பேந்தென்ன? பிரிச்சுப் பாக்கேக்கை பேரிங் போயிருக்கும். போயிருக்கும் எண்டுதானே சொன்னனீங்கள். ஆர் உங்களைக் கேக்கப் போகினம்?"

"ஒருத்தரும் கேக்காயினம்."

"அப்ப விடுங்கோ. வாயை மூடிக்கொண்டு திருத்திக் குடுங்கோ. அந்த மனிசி இன்னும் சந்தோஷப்படும்."

அவள் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷம் சேர்த்த பேர் ஒரு பொய்க்கு இவ்வளவு வசதியாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

அடுத்த கிழமை ஃபோல்க்கர் வந்தான். எஞ்சினை இறக்கினார்கள். வடித்த ஒயிலில் உலோகத் தூளின் மஞ்சள் மினுக்கம் மிதந்தது. எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாப்ட்டை மேசையில் வைத்து உருத்திரமூர்த்தி விரல் நகத்தால் தடவினார். நகம் தடக்கி நின்றது. நாலாவது பேரிங் உருகிச் சிதைந்திருந்தது. ஃபோல்க்கர் திங்கட்கிழமைத் தாளை எடுத்துப் படித்துவிட்டு அவர் தோளில் தட்டினான்.

"நல்லவேளை, மூர்த்தி. இன்னும் ஒரு சிவப்பு விளக்கில் நின்றிருந்தால் எஞ்சினே போயிருக்கும்."

புதன்கிழமை ஹக்கன்பேர்க் அம்மா செரிப்பழக் கேக் ஒன்றோடு வந்தார். மேசையில் கிடந்த கிராங்க் ஷாப்ட்டைப் பார்த்தார். கையால் வாயைப் பொத்தினார்.

"நான் அன்றைக்கு வீட்டுக்கு ஓட்டிப் போயிருந்தால் என் கையாலேயே நாசமாக்கியிருப்பேன்" என்றார். "உங்களால் தப்பியது, ஹெர் மூர்த்தி. என் புருஷன் இருந்திருந்தால் உங்களைக் கட்டிப் பிடித்திருப்பார்." கேக்கை அவர் கையில் கொடுத்தார்.

உருத்திரமூர்த்தி அதை வாங்கினார். வாங்கிப் பக்கத்தில் வைத்தார்.

"உங்கள் கையால் இல்லை. என் கையால்தான் நாசமாகியது. சனிக்கிழமை நான் இதை ஒரு கலியாணத்துக்குக் கொண்டுபோனேன்."

ஃபோல்க்கர் திரும்பிப் பார்த்தான். ஹக்கன்பேர்க் அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. உருத்திரமூர்த்தி திரும்பவும் சொன்னார்.

"முள் எங்கே நின்றது?" என்று கேட்டார் அந்த அம்மா.

"தெரியாது. கண்ணாடியில் ஒரு பொட்டு இருந்தது. எங்கள் வழக்கம். அதற்குக் கீழே முள் போய்விட்டது. நான் துடைக்கவில்லை."

"ஏன்?"

"என் ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்."

"எவ்வளவு நேரம்?"

"பதினொரு நிமிஷம்."

"என்ன நடக்கிறதென்று உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

கராஜுக்குள் காற்றமுக்கும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. ஃபோல்க்கர் போய் அதை நிறுத்தினான். ஹக்கன்பேர்க் அம்மா கிராங்க் ஷாப்ட்டை ஒரு விரலால் தொட்டார்.

"இதைத் திருத்தலாமா?"

"திருத்தலாம்" என்றார் உருத்திரமூர்த்தி. "கடைந்து எடுத்து, ஒரு அளவு தடித்த பேரிங் போட்டால், புதிதாக ஓடும். ஆறு கிழமை எடுக்கும்."

அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை. ஃபோல்க்கர் பக்கம் திரும்பினார்.

"திருத்தலாமா?"

ஃபோல்க்கருக்கு அது தெரியாது. அளந்து பார்த்தவர் உருத்திரமூர்த்தி. அவன் அவர் முகத்தைப் பார்த்தான். அவர் ஓமென்று தலையை ஆட்டினார்.

"திருத்தலாம்" என்றான் ஃபோல்க்கர். "கடைந்து எடுக்க வேண்டும். ஆறு கிழமை எடுக்கும்."

"அப்படியென்றால் சரி" என்று அவனிடம் சொல்லிவிட்டு, ஹக்கன்பேர்க் அம்மா பஸ்ஸுக்கு நடந்தார்.